வாடும் மிளகாய்ச் செடி: வேரைத் தோண்டி நோயைக் கண்டுபிடிப்பது எப்படி

மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறித்தால் போதும், திருகோணமலைக் கரையோரத்தில் நிலாவெளி முதல் குச்சவெளி வரையான மிளகாய்த் தோட்டங்களில் இந்தக் கதை தொடங்கிவிடும். நேற்று மாலை நன்றாக நின்ற செடி இன்று தலை தொங்கி நிற்கும். இரண்டு இலையைக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவோம். கடைக்காரர் இலையைப் பார்த்து ஒரு போத்தல் எடுத்துத் தருவார்.

நானும் அப்படித்தான் போனேன். கால் ஏக்கர் மிளகாய், முதல் காய் ஆயும் நேரம். வாங்கி வந்த பங்கசு (பூஞ்சை) நாசினியை இரண்டு தடவை வேரடியில் ஊற்றினேன். செடி சாவது நிற்கவில்லை. மூன்றாம் கிழமை விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த மிஸ் கேட்ட முதல் கேள்வி, "இலை கொண்டு வந்திருக்கிறீங்கள், வேர் எங்கே தம்பி?" என்பதுதான். தோட்டத்துக்கு வந்து ஒரு செடியைத் தோண்டி, தண்டை வெட்டி, ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடித்துக் காட்டினார். பக்டீரியா வாடல். நான் ஊற்றிய மருந்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதற்குள் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இலை வாடுவது ஐந்தாறு நோய்களுக்கும் பொதுவான அடையாளம். வேர் தண்ணீர் எடுக்கவில்லை என்பதைத்தான் அது சொல்லும், ஏன் எடுக்கவில்லை என்று சொல்லாது. அந்தக் காரணம் தண்டின் அடியிலும் வேரிலும் இருக்கிறது. ஆகவே மருந்து வாங்கும் முன் தோண்டிப் பாருங்கள். கீழே ஒவ்வோர் அறிகுறியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் செடி எதைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளையும் எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

முதலில், இது வேர் நோய்தானா?

விடியற்காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது நல்ல செடியும் மத்தியானம் துவண்டுதான் நிற்கும். மாலை வெயில் தணிந்ததும் நிமிர்ந்துவிடும். இரவு முழுக்க இளைப்பாறிய பிறகும், விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் வேரைச் சந்தேகிக்க வேண்டும். பக்டீரியா வாடல் மட்டும் முதல் ஓரிரு நாள் ஏமாற்றும்: பகலில் வாடி இரவில் தெளியும். அதனால் சந்தேகப்பட்ட செடிக்கு ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, மூன்று விடியல் பாருங்கள்.

அடுத்தது, வாட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேர் நோய் ஒரு மூலையில், ஒரு பள்ளத்தில், ஒரு வாய்க்கால் ஓரத்தில் தொடங்கி அகலும். தோட்டம் முழுக்க ஒரே நாளில் ஒரே மாதிரி வாடினால் அது பெரும்பாலும் நோய் இல்லை. யூரியா போட்ட இரண்டு மூன்று நாளில், போட்ட வழி நெடுக வாடியிருந்தால் பசளைச் சூடு. இலை ஓரம் எல்லாச் செடியிலும் கருகி வந்தால் கிணற்று நீரைச் சந்தேகியுங்கள். கடலோரக் கிணறுகளில் கோடையின் பின்பகுதியில் உவர் ஏறுவது நம்மூரில் புதிதல்ல.

இலை சுருண்டு, குருத்து சிறுத்துப்போவது வேறு விஷயம். அதற்குப் பனிப்பூச்சி, சிற்றுண்ணி, வைரசு என்று காரணங்கள் தனி. அதை வேரில் தேட வேண்டாம்.

எந்தச் செடியை, எப்படித் தோண்டுவது

செத்துக் காய்ந்த செடியைத் தோண்டாதீர்கள். செத்த வேரில் ஊரில் உள்ள எல்லாப் பூஞ்சணமும் குடியேறிவிடும், எது முதலில் வந்தது என்று தெரியாது. பாதி வாடிய செடி ஒன்று, வாட இன்றுதான் தொடங்கிய செடி ஒன்று, தூரத்தில் நல்லதாக நிற்கும் செடி ஒன்று, மூன்றும் வேண்டும். நல்ல செடியைப் பலிகொடுக்க மனம் வராதுதான். ஆனால் நல்ல வேர் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கெட்டது கண்ணுக்குப் படும்.

கையால் பிடுங்கினால் அழுகிய சிறு வேரெல்லாம் மண்ணுக்குள் நின்றுவிடும், உங்களுக்குத் தடித்த வேர் மட்டும் வரும். மண்வெட்டியைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிவர இறக்கி, மண்கட்டியோடு தூக்குங்கள். அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் மண் தானாகக் கழன்றுவிடும். நல்ல வேர் வெள்ளை அல்லது இளமஞ்சளாக, நுனி வெள்ளையாக, மெல்ல இழுத்தால் அறாமல் இருக்கும்.

தேவையானது ஒரு புதுச் சவர பிளேட், நூல், சுத்தமான ஜாம் போத்தல் இரண்டு, தெளிந்த தண்ணீர். அவ்வளவுதான்.

இலை பச்சையாகவே தொங்குகிறது, மஞ்சளாகவில்லை

இது பக்டீரியா வாடலின் முகம். ரல்ஸ்டோனியா என்ற பக்டீரியா வேரில் உள்ள காயம் வழியாக உள்ளே போய், தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, அவற்றைப் பசையால் அடைத்துவிடும். தண்ணீர் ஏறாத செடி, பழுக்க நேரம் கிடைக்காமல் பச்சையாகவே சாயும். முதலில் மேல் இலைகள், அப்புறம் முழுச் செடி. தண்டின் அடியில் வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இது சூடான ஈரமண்ணை விரும்பும். மண்ணின் சூடு 30 முதல் 35 பாகை செல்சியஸ் இருக்கையில், மழையும் பெய்தால் வேகம் எடுக்கும்.

சோதனை இதுதான். வாட இன்று தொடங்கிய செடியின் தண்டை மண்மட்டத்துக்குச் சற்று மேலே வெட்டி, ஏழெட்டுச் சென்ரிமீற்றர் துண்டு எடுங்கள். வெட்டிய முகத்தைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, நூலில் கட்டி, ஜாம் போத்தல் தண்ணீரில் நுனி மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். இரண்டாவது போத்தலில் நல்ல செடியின் துண்டு. போத்தல்களுக்குப் பின்னால் கறுப்புத் துணியோ கறுத்த சொப்பிங் பேக்கோ வையுங்கள். கை படாமல், ஆட்டாமல் ஐந்து பத்து நிமிடம் பொறுத்திருங்கள்.

நான் அன்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வெட்டிய முகத்திலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று, புகை கீழே இறங்குவது போல நேராக இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் போத்தலின் அடி கலங்கிவிட்டது. அந்தப் பால் முழுக்கப் பக்டீரியா. நல்ல செடித் துண்டு வைத்த போத்தல் அப்படியே தெளிவாக நின்றது.

இப்படி வந்தால் மருந்து தேடி அலைய வேண்டாம். உள்ளே போன பக்டீரியாவைக் கொன்று செடியை மீட்கிற மருந்து இல்லை. இதை மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நோய்க்கு என்று சொல்லி விற்கப்படும் போத்தல்களுக்குக் கடன் வாங்கிச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். செய்யக்கூடியது, வாடிய செடியையும் அதன் இரு பக்கத்துச் செடிகளையும் மண்ணோடு தோண்டி, சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரிப்பது. இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் மண் சிந்தும். அந்தப் பாத்திக்குத் தண்ணீரைக் கடைசியாக விடுங்கள், அங்கிருந்து நீர் மற்றப் பாத்திக்கு ஓடக்கூடாது. அங்கே கொத்திய மண்வெட்டியைக் கழுவித் துடைக்காமல் வேறு இடத்தில் வைக்காதீர்கள். களை பிடுங்கும்போது வேரைக் காயப்படுத்தாமல் மேலாகச் செருக்குங்கள்.

அடுத்த போகத்தில் அந்த இடத்தில் என்ன நடுவது என்று பார்க்கும்போது, தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதை மறக்கக்கூடாது. மிளகாய் போனது என்று கத்தரி நட்டால் நோய்க்குச் சோறு போட்ட மாதிரிதான். சோளன், குரக்கன், நெல் என்று மாற்றுங்கள்.

தண்டின் அடி கறுத்திருக்கிறது, வரிசையாகச் சாய்கிறது

மழைக்குப் பிறகு, வாய்க்கால் ஓரம் ஒரு வரிசை முழுக்கச் சாய்ந்தால், மண்மட்டத்தில் தண்டைப் பாருங்கள். கரும்பழுப்பு நிறப் பட்டை ஒன்று தண்டைச் சுற்றி வளைத்து மேல்நோக்கி ஏறியிருந்தால் அது பைட்டோப்தொரா அழுகல். 1922இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மிளகாய்த் தோட்டங்களில் கண்ட நோயிலிருந்து லியோன் லியோனியன் என்பவர் இந்தக் கிருமியை விவரித்தார். மிளகாயின் இலத்தீன் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது. இது உண்மையில் பங்கசு அல்ல, நீர்ப்பூஞ்சண வகை. அதன் வித்துகளுக்கு வால் உண்டு, தேங்கிய நீரில் நீந்தி வேரைத் தேடிப் போகும். அதனால்தான் நோய், தண்ணீர் ஓடிய வழியே போகிறது.

தோண்டிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, இளகிப்போய் இருக்கும். ஒரு சிறு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், நடுநரம்பு மட்டும் நூல் மாதிரி மிஞ்சும். மழை கடுமையாக இருந்தால் காயிலும் நீர்கோர்த்த புள்ளி வந்து, அதன்மேல் வெள்ளை மா தூவிய மாதிரி படரும். காயில் அந்த வெள்ளை மாவையும் அடியில் கறுப்புப் பட்டையையும் சேர்த்துக் கண்டால் சந்தேகமே வேண்டாம்.

வெறும் நீர் தேங்கி மூச்சு முட்டிச் செத்த செடியும் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும். ஆனால் அதில் தண்டைச் சுற்றிய கறுப்புப் பட்டை இராது, வேர் சாம்பல் நிறமாகி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் நெல் வெட்டிய வயலில் மிளகாய் நடுகிறவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். பல நேரம் இரண்டும் சேர்ந்தே வரும்.

இங்கே மருந்துக்கு இடம் உண்டு. மெட்டலக்சில் வகை மருந்து இந்த நீர்ப்பூஞ்சண இனத்தின்மேல்தான் வேலை செய்யும். அடுத்த பகுதியில் வரும் பியூசேரியம் என்ற பங்கசிலோ பக்டீரியாவிலோ அது வேலை செய்யாது. ஆகவே கறுப்புப் பட்டையை உறுதிப்படுத்தாமல் வாங்கக்கூடாது. திரும்பத் திரும்ப அதையே அடித்தால் கிருமி பழகிவிடும். அளவும் இடைவெளியும் போத்தல் தாளில் உள்ளபடியே இருக்கட்டும். மருந்து ஏற்கெனவே சாய்ந்த செடியை எழுப்பாது. பக்கத்தில் நிற்பதைத்தான் காப்பாற்றும்.

ஆனால் மருந்தைவிட மண்வெட்டிதான் இங்கே பெரிய வைத்தியம். மேட்டுப்பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, நீர் தண்டில் முட்டாமல் பாத்தியின் ஓரத்தால் ஓட விடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே வடிகாலை வெட்டி முடித்துவிடுங்கள். வாடை மழை தொடங்கிய பிறகு அந்தச் சேற்றில் இறங்கி நடந்தால் நோயைக் காலிலேயே கொண்டு திரிவோம். சுழற்சிப் பயிராகப் பூசணி, கெக்கரி, வத்தகை நடக்கூடாது. அவையும் இந்தக் கிருமிக்கு விருப்பமானவை. கிருமியின் தடித்த வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

கீழ் இலைகள் மஞ்சளாகி, மெதுவாகச் சாகிறது

கிழமைக்கணக்கில் இழுத்தால் பியூசேரியம் வாடல் என்று நினையுங்கள். அடி இலை முதலில் பழுக்கும், சில வேளை செடியின் ஒரு பக்கம் மட்டும். வெளியே வேர் பெரிதாகக் கெட்டிருக்காது, அதனால் பலர் இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் யூரியா போடுகிறார்கள். அது நோயை வளர்க்கும்.

அடித்தண்டின் தோலைப் பிளேட்டால் மெல்லச் சீவுங்கள். தோலுக்குக் கீழே மரப்பகுதியில் செம்பழுப்புக் கோடுகள் நீளவாட்டில் தெரியும். பக்டீரியா வாடலிலும் உள்ளே பழுப்பு உண்டு. இரண்டையும் பிரிக்க மேலே சொன்ன போத்தல் சோதனையைச் செய்யுங்கள். பியூசேரியத்தில் பால் இறங்காது.

இந்தப் பங்கசும் மண்ணில் நெடுங்காலம் இருக்கும். நன்றாக மக்கிய எருவோடு ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பங்கசைக் கலந்து நடும் குழியில் போடுவது, விதையைக் கப்டான் அல்லது தீராம் என்ற பங்கசு நாசினித் தூளில் பிரட்டிப் போடுவது, புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இடுவது எல்லாம் அடுத்த போகத்துக்கு உதவும். நிற்கிற பயிரில் செய்ய அதிகம் இல்லை.

தண்டடியில் வெள்ளைப் பஞ்சு, அதில் கடுகு மாதிரி மணிகள்

இதைக் கண்டுபிடிக்கத் தோண்டக்கூட வேண்டாம். பனி உலரும் முன் குனிந்து தண்டடி மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். விசிறி மாதிரி விரிந்த வெள்ளை நூலும், அதன்மேல் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு கபில நிறமாகும் கடுகளவு மணிகளும் இருந்தால் அது ஸ்கிலிரோசியம் என்ற பங்கசு. கடுகு டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது, அவ்வளவு ஒற்றுமை.

மணல்பாங்கான கரையோரத் தோட்டத்தில் இதற்கு வசதி அதிகம், ஏனென்றால் நாங்கள் மிளகாய்க்கு முன் போடும் கச்சானிலும் (நிலக்கடலை) வெங்காயத்திலும் இதே நோய் வளரும். கச்சான் பிடுங்கிய கொடியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு மிளகாய் நட்டால், மணிகளைக் கையால் விதைத்ததற்குச் சமம்.

ஒரு நல்ல செய்தி: இந்த மணிகள் மேல்மண்ணில்தான் முளைக்கும், காற்று வேண்டும். மண்ணை ஆழமாகப் புரட்டி ஒரு சாணுக்குக் கீழே தள்ளினால் அவை பெரும்பாலும் முளைக்காது. புரட்டிய பின் அதே போகத்தில் மறுபடி ஆழமாகக் கொத்தி மேலே கொண்டுவராதீர்கள். செடியைப் பிடுங்கும்போது சுற்றியுள்ள மண்ணை மணிகளோடு சேர்த்து அள்ளுங்கள். தண்டடியில் வைக்கோல் குவித்திருந்தால் விலக்குங்கள். மண் அணைக்கும்போது தண்டின் கழுத்தை மூடாதீர்கள்.

மணி இன்னும் உருவாகவில்லை, வெறும் பழுப்புதான் தெரிகிறது என்றால் அடித்தண்டுத் துண்டை ஈரக் காகிதத்தில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் மூடி மூன்று நாள் நிழலில் வையுங்கள். ஸ்கிலிரோசியமாக இருந்தால் பெட்டிக்குள் தடித்த வெள்ளை நூல் படரும். பிள்ளைகளின் பெட்டியை எடுக்காதீர்கள், பழையதாக ஒன்று தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

சாகவும் இல்லை, வளரவும் இல்லை

பகலில் கொஞ்சம் துவளும், வெளிறிக் குட்டையாக நிற்கும், பசளைக்கும் அசையாது. கழுவிய வேரில் முடிச்சுகள் தெரிந்தால் வட்டப்புழு, அதாவது வேருக்குள் புகுந்து வாழும் நுண்ணிய புழு. மிளகாயில் இந்த முடிச்சுகள் கத்தரியில் போலப் பெரிதாக வராது, சிறு மணி மாதிரித்தான் இருக்கும், கவனிக்காமல் விட்டுவிடுவோம். அதனால் ஓரத்தில் ஒரு கத்தரியோ தக்காளியோ நின்றால் அதையும் தோண்டுங்கள். அங்கே கண் கூசும்படி தெரியும். பயற்றஞ்செடி வேரில் உள்ள முடிச்சோடு குழப்ப வேண்டாம். அது நகத்தால் சுரண்டினால் கழன்றுவிடும், வட்டப்புழு முடிச்சு வேரோடு ஒன்றாக வீங்கியிருக்கும்.

புழு போட்ட ஓட்டைகளால்தான் பக்டீரியாவும் பியூசேரியமும் சுலபமாக உள்ளே போகின்றன. ஆகவே முடிச்சைக் கண்டாலும் போத்தல் சோதனையைச் செய்துவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலத்தைத் தரிசாக விட்டு, இரண்டு மூன்று தடவை உழுது வெயில் காட்டுவது மணல் நிலத்துக்கு மிக நல்லது. எருவும் கோழிச் சாணமும் போடுங்கள், நன்றாக மக்கியதாக இருக்கட்டும்.

நாற்றுமேடையில் கன்று சரிகிறது

முளைத்த கன்று மண்மட்டத்தில் நீர்கோர்த்து மெலிந்து படுத்தால் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா என்ற மண்கிருமிகள் இரண்டும் காரணம். நெருக்கமாக விதைப்பதும் மாலையில் தண்ணீர் ஊற்றுவதும் இதை வளர்க்கும். விதைக்கும் முன் மேடையில் வைக்கோலும் உமியும் மாறி மாறி அடுக்கி எரிக்கிற நம் பழைய வழக்கம் இதற்குத்தான். விறகுச் செலவும் இல்லை. கண்ணாடிப் பொலித்தீனால் ஈர மேடையை மூடி மூன்று நான்கு கிழமை வெயிலில் விடுவதும் பலன் தரும். சரிந்த இடத்தைச் சுற்றியுள்ள கன்றுகளை நடக் கொண்டுபோகாதீர்கள். நல்லதாகத் தெரிந்தாலும் நோயை வேரில் சுமந்து வரும்.

பார்த்தும் பிடிபடவில்லை

விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம், பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். அப்போது கொண்டுபோக வேண்டியது இலையல்ல. பாதி வாடிய செடியை மண்கட்டியோடு தோண்டி, வேர்ப்பகுதியை மட்டும் ஒரு சொப்பிங் பேக்கில் கட்டுங்கள். இலைப்பகுதி வெளியே காற்றாட இருக்கட்டும், மேலே பழைய பத்திரிகைத் தாளைச் சுற்றுங்கள். முழுச் செடியையும் பேக்குக்குள் இறுக்கி வைத்தால் போய்ச் சேரும் முன் அவிந்து அழுகிவிடும், எந்த நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நட்ட திகதி, முதல் செடி வாடிய திகதி, அதற்கு முந்தைய போகத்தில் அந்த இடத்தில் என்ன இருந்தது, கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தீர்கள் என்பதை எழுதிக் கட்டுங்கள்.

போவதற்கு முன் வாடிய இடத்தின் நான்கு மூலையிலும் தடி நட்டுவிட்டுப் போங்கள். அறுவடை முடிந்து உழவு மெசின் வரும் நாளில் செடி ஒன்றும் நிற்காது, எந்த இடம் என்று உங்களுக்கே நினைவிருக்காது. தடி நின்றால் அந்தத் துண்டைக் கடைசியாக உழச் சொல்லலாம், கலப்பையைக் கழுவிவிட்டு அனுப்பலாம்.